போதும் என்று சொல்லும் கம்பி: பனிக்கட்டி நின்ற கதைகள்

குளிர்பதனப் பெட்டியோடு வரும் கையேட்டை முழுவதும் படிப்பவர்கள் நம்மில் மிகச் சிலரே. அப்படிப் படிப்பவர்களும், ஐஸ் மேக்கரை எப்போது நிறுத்தி வைக்க வேண்டும் என்ற பகுதி வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். நெடுநாள் வெளியூர் செல்லும்போது, தண்ணீர்க் குழாய் அடைபட்டிருக்கும்போது, ஐஸ் விழும் தொட்டியைக் கழுவ எடுக்கும்போது என்று நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும் பகுதி அது. அதில் வரலாற்றுக்கு என்ன இடம் என்று கேட்கத் தோன்றுவது இயல்பே.

ஆனால் பனிக்கட்டியின் வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால், "எப்போது நிறுத்துவது?" என்ற இந்தச் சாதாரணக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் வேறு வேறு அதிகாரங்கள் விடை சொல்லி வந்திருப்பது தெரியும். ஒரு காலத்தில் வானம் நிறுத்தியது. பிறகு கடலும் சந்தையும் நிறுத்தின. அதற்கும் பிறகு ஒரு வளைந்த கம்பி நிறுத்தியது. பனிக்கட்டியை முதலில் செய்தவர் யார், முதலில் விற்றவர் யார் என்பதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அது எங்கெங்கே, ஏன் நின்றது என்பதை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இங்கே நம் நோக்கம். இவ்வரிசையில் நம் சென்னைக் கடற்கரைக்கும் ஓர் இடமுண்டு.

*

வானம் நிறுத்திய காலம்

வெப்ப நாடான இந்தியாவில், கப்பலில் பனிக்கட்டி வந்திறங்குவதற்கு வெகுகாலம் முன்பே குளிர்ந்த நீருக்கான ஏற்பாடுகள் இருந்தன. அக்பரின் அவையில் வெடியுப்பைக் கரைத்த நீரில் பாத்திரத்தைச் சுழற்றிக் குடிநீரைக் குளிர்விக்கும் முறையை அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் பதிவு செய்திருக்கிறார். அரசவை 1586 வாக்கில் பஞ்சாபுக்கு இடம்பெயர்ந்த பிறகு வடக்கு மலைகளிலிருந்து பனியும் பனிக்கட்டியும் கொண்டுவரப்பட்டன. வெடிமருந்தின் மூலப்பொருளே தாகத்துக்கும் மருந்தானது என்பது அக்காலத்தின் விநோதங்களுள் ஒன்று.

அதைவிட வியப்பூட்டும் முறை ஒன்று கங்கைச் சமவெளியில் வழங்கி வந்தது. அலகாபாத் பகுதியில் அதை நேரில் கண்ட சர் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேய அதிகாரி, 1775-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதைப் பற்றி ஒரு கட்டுரை அளித்தார். அவர் விவரிக்கும் முறை இது. திறந்த வெளியில் சுமார் முப்பதடிச் சதுரமும் இரண்டடி ஆழமும் கொண்ட பள்ளங்களை வெட்டுவார்கள். அடியில் காய்ந்த கரும்புத் தட்டையையோ சோளத் தட்டையையோ ஓரடி கனத்துக்குப் பரப்புவார்கள். அதன் மேல் மெருகிடாத, ஆழமில்லாத சிறு மண் தட்டுகளை வரிசையாக அடுக்கி, அந்தி வேளையில் காய்ச்சி ஆறிய நீரை அவற்றில் ஊற்றி வைப்பார்கள். சூரியன் எழுவதற்கு முன் வந்து பார்த்தால் தட்டுகளில் பனிக்கட்டி படிந்திருக்கும். கூடைகளில் அதைச் சேகரித்து, வைக்கோலும் கம்பளியும் வேய்ந்த ஆழ்குழியில் கொட்டி, இடித்து இறுக்கி, வாயை வைக்கோலால் மூடி, மேலே கூரையும் வேய்ந்துவிடுவார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான குளிர்ந்த இரவுகளில் சேர்த்தது கோடைக்கு உதவும்.

அந்த ஊர்களின் குளங்களிலோ வெளியில் வைத்த நீரிலோ இயற்கையாகப் பனிக்கட்டி உறைந்து தாம் கண்டதில்லை என்கிறார் பார்க்கர். அப்படியானால் தட்டில் மட்டும் எப்படி உறைந்தது? காற்று உறைநிலைக்கு இறங்காதபோதும், தெளிந்த இரவில் நீரின் மேற்பரப்பு தன் வெப்பத்தை நேரே வானத்தை நோக்கிக் கதிர்வீச்சாக இழந்துகொண்டிருக்கும். அடியிலிருக்கும் தட்டை, நிலத்தின் சூடு மேலேறாமல் தடுக்கும். மண் தட்டின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிக் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துச் செல்லும். இவை மூன்றும் கூடினால் தட்டில் உள்ள சிறிதளவு நீர் உறைந்துவிடும். இந்த விளக்கத்தை அறிவியல் பின்னாளில்தான் முழுமையாகத் தந்தது. அந்தக் கூலிக்காரர்கள் அதை அனுபவத்தால் கையாண்டார்கள்.

இம்முறையில் நிறுத்தும் அதிகாரம் முழுவதும் வானத்திடம் இருந்தது. மேகம் திரண்டாலோ காற்று திசை மாறினாலோ அன்றிரவு பனிக்கட்டி இல்லை. எந்தச் செல்வந்தரின் கட்டளையும் அதை மாற்ற முடியாது. மாசி பிறந்து இரவுகள் சூடேறத் தொடங்கியதும் தட்டுகளை அடுக்கி வைத்துவிட்டு அவர்கள் வேறு வேலைக்குப் போக வேண்டியதுதான். வங்காளத்தில் ஹூக்ளிப் பகுதியிலும் இத்தொழில் நடந்தது. அங்கிருந்து கல்கத்தா சென்ற பனிக்கட்டி மெலிந்ததாகவும் கூழ்போலவும் இருந்ததென ஆங்கிலேயர் குறைப்பட்டுக்கொண்டார்கள். அந்தக் குறைக்குள்தான் அடுத்த அத்தியாயத்தின் வித்து இருக்கிறது.

*

கப்பலில் வந்த குளிர்

பாஸ்டன் நகரத்துப் ஃப்ரெடெரிக் டியூடர் (1783-1864), குளத்தில் உறையும் பனிக்கட்டியை வெட்டி வெப்ப நாடுகளுக்கு விற்கலாம் என்று நம்பியவர். ஊரார் அவரைப் பித்தர் என்றே எண்ணினார்கள். உருகும் பனிக்கட்டியின் நீர் கப்பலையே மூழ்கடித்துவிடும் என்று பயந்து கப்பல்காரர்கள் சரக்கேற்ற மறுத்ததால், அவரே ஒரு கப்பலை வாங்க வேண்டியதாயிற்று. 1806-இல் மார்ட்டினிக் தீவுக்கு முதல் சரக்கு போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கே அதைச் சேமித்து வைக்க ஒரு கிடங்கு இல்லை. கப்பலிலிருந்தபடியே விற்க வேண்டியிருந்தது. சில வாரங்களில் மிச்சம் உருகிப்போனது, டியூடர் பெருநஷ்டம் அடைந்தார். பிற்பாடு கடனுக்காகச் சிறைக்கும் போனார்.

பனிக்கட்டியை உண்டாக்குவது பெரிதல்ல, அது நீராகிவிடாமல் காப்பதே பெரிது என்ற பாடத்தை அவர் கற்றது இப்படித்தான். சிக்கலின் தீர்வு மலிவான பொருள்களில் கிடைத்தது. மர அறுவை ஆலைகளில் வீணாகக் கிடந்த மரத்தூளைப் பனிக்கட்டிப் பாளங்களுக்கு இடையே திணித்தார்கள். நத்தேனியல் வையெத் என்பவர் 1825-இல் குதிரை இழுக்கும் பனிக்கட்டி வெட்டும் கருவியை அமைத்தார். அதன்பின் பாளங்கள் ஒரே அளவில் கிடைத்தன. ஒரே அளவில் கிடைத்ததால் இடைவெளியின்றி அடுக்க முடிந்தது, இடைவெளி குறைந்ததால் உருகுவதும் குறைந்தது. இந்தியாவுக்குச் செல்லும் அமெரிக்கக் கப்பல்களில் ஏற்றுவதற்குச் சரக்கு அதிகம் இல்லாததால், வெறும் பாரத்துக்காகக் கல்லேற்றிச் செல்லும் இடத்தில் பனிக்கட்டியை ஏற்றுவதற்குக் கட்டணமும் மலிவாகவே இருந்தது.

1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் சுமார் 180 டன் பனிக்கட்டியோடு பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, ஏறத்தாழ நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகு செப்டம்பரில் அது ஹூக்ளி ஆற்றுக்குள் நுழைந்தபோது சுமார் 100 டன் எஞ்சியிருந்தது. கல்கத்தாவின் ஆங்கிலேயச் சமூகம் கொண்டாடித் தீர்த்தது. சுங்கவரி விலக்களிக்கப்பட்டது. நன்கொடை திரட்டிப் பனிக்கட்டிக் கிடங்கு கட்டப்பட்டது. காப்பிச் சூதாட்டத்தில் இரண்டு லட்சம் டாலருக்கும் மேல் இழந்திருந்த டியூடரைக் கரையேற்றியவற்றுள் இந்திய வணிகம் முக்கியமானது. மண் தட்டுகளில் இரவு முழுக்கக் காவலிருந்தவர்களின் கூழ்ப்பனிக்கட்டிக்குக் கல்கத்தாச் சந்தையில் இனி என்ன மதிப்பு இருந்திருக்கும்? வரலாற்றில் அவர்கள் ஒருவர் பெயரும் எஞ்சவில்லை. பார்க்கரின் பெயரும் டியூடரின் பெயரும் எஞ்சின.

பம்பாயிலும் சென்னையிலும் அதே போன்ற கிடங்குகள் எழுந்தன. சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டப்பட்ட வட்ட வடிவக் கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, அலைகளைத் தாண்டிக் கரைக்குப் போய்வந்தவை கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். பாஸ்டனிலிருந்து வந்த பாளங்கள் அந்தப் படகுகளில் இறங்கி, நம்மூர்க் கூலிகளின் தலையிலும் தோளிலும் ஏறி மணலைக் கடந்து கிடங்குக்குள் போயின. வாழ்நாளில் ஒருமுறைகூட உறைந்த நீரைக் கண்டிராத ஒருவர், நியூ இங்கிலாந்தின் குளிர்காலத்தைத் தோளில் சுமந்து மெரினாவின் வெயிலில் நடந்த காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். அவர் சுமந்தது அவர் வீட்டுக்குப் போகவில்லை என்பதையும் சேர்த்தே கற்பனை செய்ய வேண்டும்.

இந்த வணிகத்துக்கு இலக்கியத்தில் ஒரு சாட்சி உண்டு. ஹென்றி டேவிட் தோரோ 1854-இல் வெளியிட்ட 'வால்டன்' நூலின் குளிர்காலக் குளம் பற்றிய அத்தியாயத்தில், 1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்துக்கு வந்த பனிக்கட்டித் தொழிலாளர்களைப் பற்றி எழுதுகிறார். நூறு ஐரிஷ்காரர்கள் நாள்தோறும் வந்து வெட்டினார்கள். தம் கிணற்றுநீரைச் சென்னை, பம்பாய், கல்கத்தா மக்களும் பருகக்கூடும் என்ற எண்ணம் அவருக்கு எழுகிறது. சென்னையின் பெயர் அந்த நூலில் இடம்பெற்றது இப்படித்தான்.

நம் பொருளுக்கு அதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் அங்கே இருக்கிறது. அந்தக் குளிர்காலத்தில் கரையில் குவித்த பனிக்கட்டி பத்தாயிரம் டன் இருக்கும் என மதிப்பிட்டார்களாம். வைக்கோலாலும் பலகையாலும் மூடி வைத்திருந்தார்கள். அடுத்த ஜூலையில் கூரையைப் பிரித்து ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் சென்றார்கள். மிச்சம் அப்படியே வெயிலில் நின்றது. அந்தக் கோடையும் அடுத்த குளிர்காலமும் கடந்து, 1848 செப்டம்பர் வரை அது முழுமையாக உருகவில்லை. இறுதியில் பெரும்பகுதி நீர் குளத்துக்கே திரும்பியது என்று முடிக்கிறார் தோரோ. தேவைக்கு மேல் வெட்டியதை யாரும் நிறுத்தவில்லை. இயற்கை மட்டும் இரண்டாண்டு எடுத்துக்கொண்டு தன் பங்கைத் திரும்பப் பெற்றது.

இக்கட்டத்தில் நிறுத்தும் அதிகாரம் கடலுக்கும் சந்தைக்கும் இடையே பகிரப்பட்டிருந்தது. கப்பல் தாமதமானால் நகரத்தில் தட்டுப்பாடு. குளிர்காலம் பொய்த்தால் பாஸ்டனில் சரக்கில்லை. 1856-இல் பாஸ்டனிலிருந்து ஏற்றுமதியான பனிக்கட்டி சுமார் 1,46,000 டன். இவ்வளவு பெரிய வணிகம் ஒருநாள் நிற்கும் என்று அப்போது சொல்லியிருந்தால், டியூடரைப் பார்த்துச் சிரித்ததைப் போலவே சொன்னவரைப் பார்த்தும் சிரித்திருப்பார்கள்.

*

நோயாளிக்காகப் பிறந்த இயந்திரம்

பனிக்கட்டியை இயந்திரத்தில் செய்ய முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் வணிகர் அல்லர், மருத்துவர். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் அப்பலாச்சிகோலா என்ற துறைமுக ஊரில் பணியாற்றிய ஜான் கோரி, காய்ச்சலில் துடிக்கும் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க விரும்பினார். கூரையிலிருந்து பாத்திரத்தில் பனிக்கட்டியைத் தொங்கவிட்டு, குளிர்ந்த காற்று நோயாளியின் மேல் இறங்கச் செய்தார். ஆனால் அந்தப் பனிக்கட்டி வடக்கேயிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் வராத நாளில் நோயாளி என்ன செய்வார்?

இந்தக் கேள்வியே அவரை இயந்திரத்தின் பக்கம் திருப்பியது. காற்றை அழுத்தினால் சூடாகும். அந்தச் சூட்டை நீரால் தணித்துவிட்டு, அழுத்திய காற்றை விரியவிட்டால் அது கடுமையாகக் குளிரும். இந்தத் தத்துவத்தில் அமைந்த அவருடைய பனிக்கட்டி இயந்திரத்துக்கு 1851 மே 6-ஆம் நாள் 8080 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பணம் போட ஆள் கிடைக்கவில்லை. தம் முயற்சியை முடக்குவதில் பனிக்கட்டி வணிகர்களின் கை இருப்பதாக அவர் ஐயுற்றார். 1855-இல், இயந்திரம் பயனுக்கு வருவதைக் காணாமலே இறந்துபோனார். அவர் எந்தக் காரணத்துக்காக அறையைக் குளிர்வித்தாரோ அந்தக் காரணமே தவறு. மலேரியா கெட்ட காற்றால் வருவதாக அக்கால மருத்துவம் நம்பியது. கொசுவின் பங்கை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-இல்தான். தவறான கோட்பாட்டிலிருந்து சரியான இயந்திரம் பிறந்தது. 1914 முதல் அவருடைய சிலை அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் நிற்கிறது.

கோரி விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்ந்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன், ஃபிரான்சில் அம்மோனியாவைப் பயன்படுத்திய ஃபெர்டினான் கார்ரே, ஜெர்மனியில் கார்ல் வான் லிண்டே என இருபது முப்பது ஆண்டுகளுக்குள் பனிக்கட்டி ஆலை உலகின் பல நகரங்களுக்கும் பரவியது.

சென்னையில் 1874-இல் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி தொடங்கியது. கல்கத்தாவில் 1878-இல் பெங்கால் ஐஸ் கம்பெனி வந்தது. அவ்வளவுதான். நாற்பதாண்டுக் காலம் இரண்டு பெருங்கடல்களைக் கடந்து வந்துகொண்டிருந்த பனிக்கட்டி, சில ஆண்டுகளுக்குள் நின்றுபோனது. 1880 வாக்கில் சென்னையின் ஐஸ் ஹவுஸுக்குச் சேமிக்க எதுவும் இல்லை.

*

பனிக்கட்டி போன பின்

நின்றுபோன பிறகு ஒரு கட்டடத்துக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. டியூடர் வணிகத்தின் கல்கத்தா, பம்பாய்க் கிடங்குகள் மறைந்துவிட்டன. சென்னையில் உள்ளது மட்டும் நிற்கிறது. சென்னை உயர்நீதிமன்ற வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி, வெப்பம் புகாதபடி கட்டப்பட்ட கிடங்கில் மனிதர் வாழச் சாளரங்களும் தாழ்வாரங்களும் அமைத்து, நீதிபதி கெர்னனின் நினைவாக 'காசில் கெர்னன்' என்று பெயரிட்டார். 1897 பிப்ரவரியில், மேலைநாட்டுப் பயணத்திலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் இந்த வீட்டில் தங்கினார். அதன் தொடர்ச்சியாக இராமகிருஷ்ணானந்தர் சென்னைக்கு வந்து இங்கே மடத்தை நடத்தினார். 1907-இல் மடம் மயிலாப்பூருக்கு இடம்பெயர்ந்தது. 1917-இல் அரசு கட்டடத்தை வாங்கியது. தாமே இளம்வயதில் கைம்பெண்ணான சகோதரி சுப்பலட்சுமி, குழந்தை விதவைகளைப் படிக்க வைப்பதற்காக நடத்திய இல்லம் இங்கேதான் இயங்கியது. விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி 1963-இல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறியது.

சூட்டை உள்ளே விடாமல் இருப்பதற்கென்று எழுந்த சுவர்கள், ஊர் வெளியே தள்ளிய சிறுமிகளுக்கு அடைக்கலமாயின என்பதை வெறும் தற்செயல் என்று கடந்துவிட நமக்கு மனம் வரவில்லை. வணிகம் நிற்காமலிருந்தால் அந்தக் கட்டடம் கிடங்காகவே இருந்து இடிந்திருக்கும். ஒன்று நிற்பது எப்போதும் இழப்பாகவே முடிவதில்லை. ஆயினும் மக்கள் நாவில் அந்த வட்டாரம் இன்றும் ஐஸ் ஹவுஸ்தான். காவல் நிலையத்துக்கும் அதே பெயர்தான். நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு துண்டுப் பனிக்கட்டியும் பாஸ்டனிலிருந்து வராத இடத்துக்கு, பனிக்கட்டியின் பெயர் உருகாமல் நிற்கிறது.

இயற்கைப் பனிக்கட்டி இன்னோர் இடத்திலும் தன் தடத்தை விட்டுச் சென்றிருக்கிறது. குளிர்சாதனம் வாங்கும்போது ஒரு டன், ஒன்றரை டன் என்கிறோம். அந்த டன் பெட்டியின் எடை அன்று. ஓர் அமெரிக்க டன், அதாவது ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகினால் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த அளவு அது. இன்றைய கணக்கில் சுமார் 3.5 கிலோவாட். ஒரு கிலோ பனிக்கட்டி நீராவதற்கு 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே நீரை 80 பாகை சூடேற்றப் போதுமான வெப்பம் அது. இந்தப் பேராற்றலால்தான் பாளங்கள் நான்கு மாதக் கடலைத் தாக்குப்பிடித்தன. நாம் இன்றும் நம் படுக்கையறையின் குளிர்ச்சியை, உருகிப்போன பாளங்களால்தான் அளந்துகொண்டிருக்கிறோம்.

*

சன்னலில் அட்டை, பெட்டியில் கம்பி

அமெரிக்க வீடுகளில் இயந்திரக் குளிர்பதனம் நுழைவதற்கு முன்பு, உள்ளே தகரமோ துத்தநாகமோ பதித்த மர ஐஸ் பெட்டிகள் இருந்தன. மேல்தட்டில் பனிக்கட்டி, கீழே உணவு, அடியில் உருகிய நீரைப் பிடிக்க ஒரு தட்டம். பனிக்கட்டிக்காரர் வண்டியோடு தெருவில் வருவார். 25, 50, 75, 100 என்று நான்கு விளிம்புகளிலும் எண் பொறித்த அட்டையை வீட்டார் சன்னலில் வைப்பார்கள். எந்த எண் மேலே நிற்கிறதோ அத்தனை பவுண்டு இறக்குவார். அட்டை இல்லையென்றால் அந்த வீட்டைக் கடந்துபோய்விடுவார். வீட்டுப் பனிக்கட்டியை நிறுத்தும் விசை என்று வரலாற்றில் முதலில் சொல்லத்தக்கது அந்த அட்டைதான். எவ்வளவு வேண்டும், எப்போது வேண்டாம் என்று நாள்தோறும் யோசித்து முடிவெடுத்தது அந்த வீட்டுப் பெண்.

பிறகு மின்சாரப் பெட்டி வந்தது. 1913-இல் சிகாகோவில் ஃபிரெட் வுல்ஃப் உருவாக்கிய டொமெல்ரே என்ற சாதனத்தில் பனிக்கட்டி உறைய வைக்கும் தட்டு இடம்பெற்றது. 1930-களில் வளைத்துக் கட்டிகளை உதிர்க்கக்கூடிய தட்டுகள் பரவின. 1953-இல் செர்வெல் நிறுவனம், தானே நீரை நிரப்பித் தானே உதிர்க்கும் ஐஸ் மேக்கரோடு குளிர்பதனப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தட்டை நிரப்புவதும் திருப்புவதும் மனிதரின் வேலையாக இருந்தது அத்தோடு முடிந்தது.

இத்தகைய கருவியின் உள்ளமைப்பு எளிமையானது. மின்காந்தத் தடுக்கிதழ் திறந்து அச்சில் நீரை நிரப்பும். உறைந்ததை வெப்பநிலை உணரி அறிவிக்கும். அச்சின் அடியில் உள்ள சிறு சூடேற்றி கட்டியின் விளிம்பை இளக்கும். மோட்டார் சுழன்று கட்டிகளைத் தொட்டிக்குள் தள்ளும். பக்கத்தில் இருக்கும் வளைந்த கம்பி ஒவ்வொரு முறையும் உயர்ந்து இறங்கும். தொட்டி நிறைந்துவிட்டால் கட்டிகளின் மேல் தட்டி, இறங்க முடியாமல் மேலேயே நிற்கும். அப்போது கருவி ஓயும். ஒரு கைப்பிடி பனிக்கட்டியை எடுத்தால் கம்பி இறங்கி, மறுபடியும் தொடங்கும். புதிய பெட்டிகளில் கம்பிக்குப் பதில் அகச்சிவப்பு ஒளி பார்த்துக்கொள்கிறது.

போதும் என்ற சொல்லை நாம் முதன்முறையாக ஓர் உலோகத் துண்டிடம் ஒப்படைத்தது இங்கேதான். ஆனால் அந்தக் கம்பிக்குத் தெரிவது தொட்டி நிறைந்ததா என்பது மட்டுமே. வீட்டில் ஆள் இருக்கிறாரா, இந்தப் பனிக்கட்டி யாருக்காவது தேவையா என்பது அதற்குத் தெரியாது.

*

மறுபடியும் நம் கைக்கு

ஆகவேதான் கையேட்டின் அந்த நான்கைந்து வரிகள். இப்போது அவற்றைப் படித்தால் ஒவ்வொன்றிலும் ஒரு பழைய பாடம் இருப்பது தெரிகிறது.

நெடுநாள் வெளியூர் போவதாக இருந்தால் கம்பியை மேலே தூக்கி நிறுத்திவிட வேண்டும். அதோடு நீர்க்குழாயின் திறப்பையும் மூட வேண்டும். ஏனெனில் கம்பியை உயர்த்துவது பனிக்கட்டியை நிறுத்துமே தவிர, பெட்டிக்குப் பின்னால் உள்ள மெல்லிய குழாயில் நீரின் அழுத்தம் அப்படியே இருக்கும். அது விரிசல்விட்டால் ஆளில்லாத வீட்டில் கசிவு நாள்கணக்கில் தொடரும். தண்ணீர் பல மணி நேரம் வராது என்று தெரிந்தால் அப்போதும் நிறுத்த வேண்டும். வராத நீருக்காகத் தடுக்கிதழ் திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருப்பது அதற்கே கேடு. பெட்டி புதிதாக வந்து குழாய் இணைக்கப்படாத வரை தொடங்கவே கூடாது. தொட்டியைக் கழுவ வெளியே எடுத்தால் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கட்டிகள் உறைபெட்டிக்குள் சிதறும். குளிர்நாடுகளில் வீட்டைச் சூடேற்றாமல் பூட்டிச் செல்பவர்கள் குழாய் நீரே உறைந்து வெடிக்கும் ஆபத்தையும் நினைக்க வேண்டும்.

கடைசியாக, பனிக்கட்டியை எப்போதாவது மட்டும் பயன்படுத்துபவர்கள். உறைபெட்டியில் கிடக்கும் பனிக்கட்டி நீராகாமலே ஆவியாகிச் சுருங்கும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பக்கத்தில் உள்ள உணவின் வாடையை ஏற்றுக்கொள்ளும். அப்படிப்பட்ட வீட்டில், ஒரு தொட்டி நிறைந்ததும் நிறுத்தி வைத்து, தேவைப்படும்போது தொடங்குவதே முறை. இதில் மின்சாரக் கணக்கும் உண்டு. அமெரிக்காவின் தேசிய தரநிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஐஸ் மேக்கர் இயங்குவதால் குளிர்பதனப் பெட்டியின் மின்செலவு 12 முதல் 20 விழுக்காடு வரை கூடுவதாகக் கண்டார்கள். அந்தக் கூடுதலில் ஏறத்தாழ முக்கால் பங்கு உறைய வைப்பதற்கு ஆனதல்ல. கட்டியை அச்சிலிருந்து விடுவிக்கும் அந்தச் சிறு சூடேற்றிக்கு ஆனது. குளிர்விப்பதற்கென்று வாங்கிய பெட்டிக்குள் நாம் சூடேற்றிக்கொண்டிருக்கிறோம், அந்தச் சூட்டை வெளியேற்றவும் நாமே மின்சாரம் செலவிடுகிறோம்.

ஒரு வீட்டுக்கு இது சிறு தொகைதான். ஆனால் இந்தச் சிறு தொகையில்தான் நாம் இதுவரை பார்த்த வரலாறு வந்து முடிகிறது. அலகாபாத்தின் பள்ளத்தருகே ஒருவர் வானத்தை அண்ணாந்து பார்த்து, இன்றிரவு வேண்டாம் என்று தட்டுகளை அடுக்கினார். சிகாகோவில் ஒரு பெண் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அட்டையை எடுத்துவிட்டாள். இருவருக்கும் பனிக்கட்டி எவ்வளவு உழைப்பில் வருகிறது என்பது தெரிந்திருந்தது. எளிதில் கிடைக்கத் தொடங்கியபோது நாம் இழந்தது அந்த அறிவையே. கம்பியை எப்போது உயர்த்துவது என்று யோசிக்கும் ஒரு நிமிடத்தில் அதில் கொஞ்சமாவது திரும்பி வருகிறது.

விரல் பட்டால் உயரும் கம்பிதான் அது. சந்தையும் கடலும் வானமும் ஒரு காலத்தில் வைத்திருந்த அதிகாரம் இப்போது அதில் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும் முன், அடுப்பு வாயுவையும் விளக்கையும் சரிபார்க்கும் நேரத்தில், அதையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம்.